சீரியல் போர்ட் வழியாக அளவைக் கருவிகளை இயக்குவது: கேபிள் முதல் கட்டளை வரை

மல்டிமீட்டர், பவர் சப்ளை, ஆசிலாஸ்கோப் போன்ற மேசைக் கருவிகள் பலவற்றின் பின்பக்கத்தில் ஒன்பது பின் கொண்ட சின்ன இணைப்பான் ஒன்று இருக்கும். "அதான் சீரியல் போர்ட் இருக்கே, கேபிளைச் செருகினா கம்ப்யூட்டர்லேருந்தே ஓட்டலாம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். செருகிப் பார்த்தால் ஒன்றும் நடக்காது. கருவி பழுது, கேபிள் மட்டம், டிரைவர் சரியில்லை என்று பழி ஆளுக்கொரு பக்கம் போகும். பெரும்பாலும் இவற்றில் எதுவுமே காரணமாக இருப்பதில்லை.

சீரியல் இணைப்பு தானாக எதையும் கண்டுபிடித்துக்கொள்ளாது. யுஎஸ்பி பென் டிரைவைச் செருகினால் "நான் இன்னார்" என்று அதுவே அறிமுகம் செய்துகொள்கிறது. சீரியல் போர்ட்டில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. இரண்டு முனைகளும் நான்கு விஷயங்களில் முன்கூட்டியே ஒத்துப்போக வேண்டும். நான்கில் ஒன்று பிசகினாலும் கிடைப்பது மௌனம், இல்லாவிட்டால் குப்பை எழுத்துகள். எந்த விஷயம் பிசகியது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது.

சொல்வதெழுதுதல்

பள்ளியில் சொல்வதெழுதுதல் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரின் குரல் மாணவரின் காதில் விழ வேண்டும். மாணவரின் கை ஓடும் வேகத்தில் அவர் சொல்ல வேண்டும். கை பின்தங்கினால் "கொஞ்சம் இருங்க சார்" என்று சொல்ல வழி வேண்டும். சொல்லப்படும் மொழி மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்; வாக்கியம் எங்கே முடிகிறது என்பதும் தெரிய வேண்டும்.

சீரியல் இணைப்பிலும் இதே நான்குதான். குரல் காதில் விழுவது கம்பியும் மின்னழுத்தமும். வேகம் என்பது பிட்டுகளின் (0, 1 என்ற தரவுத் துண்டுகளின்) அடுக்குமுறை. "கொஞ்சம் இருங்க" என்பது ஹேண்ட்ஷேக். மொழி என்பது கட்டளைத் தொகுப்பு. இந்த வரிசையில், கீழிருந்து மேலாகப் பார்ப்போம். பழுது தேடுவதும் இதே வரிசையில்தான்.

கம்பியில் என்ன ஓடுகிறது

கருவிகளில் உள்ள பழைய பாணி சீரியல் போர்ட் ஆர்எஸ்-232 என்ற தரத்தைப் பின்பற்றுகிறது. 1960-இல் வந்த தரம் இது. பரவலாகப் புழங்கும் 'சி' பதிப்பு 1969-இல் வந்தது. இதில் 1 என்ற பிட்டுக்கு எதிர்மறை மின்னழுத்தம், 0 என்ற பிட்டுக்கு நேர்மறை மின்னழுத்தம். அனுப்பும் பக்கம் 5 முதல் 15 வோல்ட் வரை தர வேண்டும். பெறும் பக்கம் 3 வோல்ட்டைத் தாண்டினாலே புரிந்துகொள்ள வேண்டும். எதுவும் அனுப்பாமல் சும்மா இருக்கும்போது கம்பி எதிர்மறையில் நிற்கும். இந்தக் கடைசி விவரம் மிகவும் உதவும், கொஞ்சம் கீழே பார்ப்போம்.

ஒன்பது பின்களில் உயிர்நாடி மூன்றுதான். கம்ப்யூட்டர் பக்கத்தில் 3-ஆம் பின் அனுப்புவது, 2-ஆம் பின் பெறுவது, 5-ஆம் பின் கிரவுண்ட். மற்றவை ஹேண்ட்ஷேக் போன்ற துணை வேலைகளுக்கு.

கேபிளில் இரண்டு வகை உண்டு என்பதுதான் புதியவர்களை முதலில் கவிழ்க்கும் இடம். நேர் கேபிளில் 2 என்பது 2-க்கும், 3 என்பது 3-க்கும் போகும். கிராஸ் கேபிளில் 2-உம் 3-உம் இடம் மாறும். இதற்கு நல்-மோடம் கேபிள் என்றும் பெயர். ஆர்எஸ்-232 முதலில் கம்ப்யூட்டரையும் மோடத்தையும் இணைக்கவே வகுக்கப்பட்டது. மோடத்தின் பின்கள் கம்ப்யூட்டருக்கு எதிர்ப்பொருத்தமாக இருந்ததால் நேர் கேபிள் போதுமானதாக இருந்தது. அளவைக் கருவி செய்தவர்களோ ஆளுக்கொரு முடிவெடுத்தார்கள். ஹெச்பி 34401ஏ மல்டிமீட்டர் தன்னைக் கம்ப்யூட்டர் போலக் கருதிக்கொள்கிறது, அதற்குக் கிராஸ் கேபிள் வேண்டும். கெய்த்லி 2000 மல்டிமீட்டருக்கு நேர் கேபிள். இரண்டும் ஒரே மேசையில் இருந்தால் கேபிள்களில் பெயர் எழுதி ஒட்டிவிடுவது நல்லது. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கையேடு கையில் இல்லையா? கருவியை ஆன் செய்து, கேபிள் எதுவும் செருகாமல், வேறொரு மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துக் கறுப்பு முனையை 5-ஆம் பின்னில் வையுங்கள். சிவப்பு முனையால் 2, 3 இரண்டையும் தொட்டுப் பாருங்கள். எதில் −5 முதல் −12 வோல்ட் வரை காட்டுகிறதோ அதுதான் கருவி அனுப்பும் பின். மற்றது பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். கம்ப்யூட்டர் பக்கமும் இதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் எதிர்மறை வந்தால் கிராஸ் கேபிள்; வெவ்வேறு எண்ணில் வந்தால் நேர் கேபிள். இரண்டு பின்னிலுமே பூஜ்யம் வந்தால் ஒன்று அந்தப் போர்ட் மெனுவில் அணைக்கப்பட்டிருக்கும், அல்லது கம்பிக்கு மின்னழுத்தம் தரும் அதன் டிரைவர் சிப் போய்விட்டிருக்கும்.

ஓர் எச்சரிக்கை. சில கருவிகளின் உள்ளேயோ பக்கவாட்டிலோ மூன்று நான்கு பின் கொண்ட சின்ன இணைப்பியிலும் "சீரியல்" என்று போட்டிருக்கும். அது பெரும்பாலும் 3.3 அல்லது 5 வோல்ட் லாஜிக் அளவில் வேலை செய்வது. அங்கே சும்மா இருக்கும்போது கம்பி நேர்மறையில் நிற்கும், அதாவது ஆர்எஸ்-232-க்குத் தலைகீழ். நேரடியாக ஆர்எஸ்-232 கேபிளைக் கொடுத்தால் −12 வோல்ட் உள்ளே போய் சிப்பை எரித்துவிடும். நடுவில் மேக்ஸ்232 போன்ற மாற்றி சிப் கட்டாயம்.

ஓர் எழுத்து எப்படிப் பயணிக்கிறது

அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் பொதுவான கடிகாரக் கம்பி கிடையாது. அதனால் ஒவ்வோர் எழுத்தும் தன் தொடக்கத்தைத் தானே அறிவித்துக்கொண்டு வருகிறது. எதிர்மறையில் நின்ற கம்பி நேர்மறைக்குத் தாவும். இதுதான் ஸ்டார்ட் பிட். பிறகு 7 அல்லது 8 தரவு பிட்டுகள், கடைசி இலக்கத்திலிருந்து தொடங்கி. அதன்பின் தேவைப்பட்டால் பாரிட்டி பிட்: மொத்த 1-களின் எண்ணிக்கையை இரட்டையாகவோ ஒற்றையாகவோ ஆக்குவதற்குச் சேர்க்கும் சரிபார்ப்பு பிட். இறுதியில் ஸ்டாப் பிட், கம்பி பழையபடி எதிர்மறைக்குத் திரும்பும் இடைவெளி.

விநாடிக்கு எத்தனை பிட் என்பதே பாட் வேகம். 9600 பாட் என்றால் ஒரு பிட்டுக்குச் சுமார் 104 மைக்ரோ விநாடி. ஸ்டார்ட், 8 தரவு, ஸ்டாப் எனப் பத்து பிட் போனால் ஓர் எழுத்து; ஆக விநாடிக்கு 960 எழுத்துகள். பெறும் பக்கம் ஸ்டார்ட் பிட்டைப் பார்த்ததும் தன் கடிகாரத்தை ஓடவிட்டு ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் எட்டிப் பார்க்கும். இரு கடிகாரங்களும் ஓரிரு சதவீதம் விலகினாலும் பிழைத்துக்கொள்ளும். 9600-க்குப் பதில் 19200 என்று வைத்தால் ஒவ்வொரு பிட்டையும் இரண்டாகப் படிக்கும்; திரையில் குப்பை வரும்.

கையேடுகளில் "8-என்-1" என்று பார்ப்பீர்கள். 8 தரவு பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று அர்த்தம். இன்று பெரும்பாலான கருவிகளுக்கு இதுதான். ஆனால் ஹெச்பி 34401ஏ தொழிற்சாலையிலிருந்து வரும்போது 9600 பாட், 7 தரவு பிட், இரட்டைப் பாரிட்டி, 2 ஸ்டாப் பிட் என்று வரும். இதை 8-என்-1 என்று நினைத்துப் படித்தால் என்ன ஆகும்? பாதி சரியாக வரும், பாதி கோணலாக வரும். எண்களில் 0, 3, 5, 6, 9 ஒழுங்காகத் தெரியும். 1, 2, 4, 7, 8 விசித்திரக் குறிகளாக மாறும். காரணம், இந்த ஐந்து எண்களின் குறியீட்டில் 1-கள் ஒற்றைப்படையில் இருப்பதால் பாரிட்டி பிட் 1 ஆகிறது. கம்ப்யூட்டரோ அதை எட்டாவது தரவு பிட் என்று எடுத்துக்கொள்கிறது. இந்த அடையாளத்தைப் பார்த்தால் பாட் வேகத்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம், வேகம் சரியாகவே இருக்கிறது. பாரிட்டியை மட்டும் திருத்துங்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஒன்றுமே வரவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். எல்லாமே குப்பை என்றால் பாட் வேகம். பாதி மட்டும் குப்பை என்றால் பாரிட்டி.

"கொஞ்சம் இருங்க" சொல்வது எப்படி

கருவியின் உள்ளே வரும் எழுத்துகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் சின்ன நினைவகம் உண்டு, அதுதான் பஃபர். கருவி ஒரு கட்டளையைச் செய்துகொண்டிருக்கும்போது நீங்கள் அடுத்தடுத்து அனுப்பினால் பஃபர் நிரம்பி வழியும். வழிந்த எழுத்துகள் போனதுதான். யாரும் சொல்ல மாட்டார்கள். இதைத் தடுக்கும் ஏற்பாடு ஹேண்ட்ஷேக்.

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, தனிக் கம்பிகள் மூலம் சொல்வது. 7, 8-ஆம் பின்களில் ஆர்டிஎஸ், சிடிஎஸ் என்ற இணையும், 4, 6-ஆம் பின்களில் டிடிஆர், டிஎஸ்ஆர் என்ற இணையும் இதற்குப் பயன்படும். இரண்டு, தரவோடு தரவாக ஒரு நிறுத்தல் எழுத்தை அனுப்புவது. எக்ஸாஃப் என்பது நிறுத்து, எக்ஸான் என்பது தொடர். இவற்றின் எண்கள் 19, 17. மூன்று, எதுவும் இல்லாமல் மெதுவாக, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வந்தபின் அடுத்ததைக் கேட்பது.

தனிக் கம்பி முறையில்தான் புதியவர்கள் அதிகம் சிக்குகிறார்கள். 2, 3, 5 மட்டும் உள்ள மூன்று கம்பி கேபிளைச் செய்துகொண்டு, 34401ஏ போல டிடிஆர்–டிஎஸ்ஆர் பார்க்கும் கருவியில் போட்டால், கட்டளை உள்ளே போகும், மீட்டர் அதை ஏற்றுக்கொள்ளவும் செய்யும். பதில் மட்டும் வராது. "அனுப்பலாம்" என்ற சைகை டிஎஸ்ஆர் பின்னில் வருவதற்காக அது காத்துக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். 4, 6 பின்களும் குறுக்காக இணைந்த முழுமையான கிராஸ் கேபிள் போட்டால் தீரும்.

எக்ஸான்–எக்ஸாஃப் முறையை, எழுத்து வடிவத் தரவுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. ஆசிலாஸ்கோப்பிலிருந்து அலைவடிவத்தை பைனரியாக, அதாவது எழுத்தாக மாற்றாமல் வெறும் எண்களாக எடுக்கும்போது 17, 19 என்ற எண்கள் சாதாரண அளவீடுகளாகவே வரும். அவற்றைக் கம்ப்யூட்டர் சைகை என்று நினைத்து விழுங்கிவிடும், அலைவடிவத்தில் சில புள்ளிகள் காணாமல் போகும். இந்தப் பிழை எப்போதாவது மட்டும் தலைகாட்டும் என்பதால் கண்டுபிடிப்பது எரிச்சல்.

கருவியோடு பேசும் மொழி

எழுத்துகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. என்ன எழுதினால் கருவிக்குப் புரியும்? பழைய கருவிகளில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு மொழி வைத்திருந்தது. 1987-இல் வந்த ஐட்ரிபிள்இ 488.2 தரம், நட்சத்திரக் குறியில் தொடங்கும் பொதுக் கட்டளைகளை வகுத்தது. 1990-இல் வந்த எஸ்சிபிஐ அதன்மேல் அளவீட்டுக் கட்டளைகளுக்கு ஒரு பொது இலக்கணம் கொடுத்தது. புழங்குபவர்கள் இதை 'ஸ்கிப்பி' என்பார்கள். இவை முதலில் ஜிபிஐபி என்ற வேறொரு கேபிளுக்காக எழுந்தவை. சீரியலிலும் அதே எழுத்துகள்தான் போகின்றன, ஆனால் சீரியலுக்கென்று சில சங்கடங்கள் கூடுதலாக உண்டு.

கீழே கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறோம். விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்துகளாகவே அடிக்க வேண்டும்.

எல்லோரும் முதலில் அனுப்புவது *ஐடிஎன்? என்ற கேள்வி. "நீ யார்?" என்று கேட்பது. பதிலாக நான்கு பகுதிகள், இடையில் காற்புள்ளிகளுடன் வரும்: தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், உள் மென்பொருள் பதிப்பு. கேள்விக்குறியில் முடிவது கேள்வி. அதற்குப் பதில் வரும். கேள்விக்குறி இல்லாதது கட்டளை. அதற்குப் பதில் வராது. கருவியை ஆரம்ப நிலைக்குத் திருப்பும் *ஆர்எஸ்டி கட்டளையை அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் புரோகிராம் காலம் முழுக்கக் காத்திருக்கும்.

வாக்கியம் முடிந்தது என்று காட்டும் எழுத்துக்கு டெர்மினேட்டர் என்று பெயர். பெரும்பாலும் எண் 10 கொண்ட வரிமாற்றக் குறி, சிலவற்றுக்கு எண் 13 கொண்ட வரித்தொடக்கக் குறி, சிலவற்றுக்கு இரண்டும். நீங்கள் அனுப்பியது தவறானதாக இருந்தால் கருவி பிழை கூடக் காட்டாது. வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று எண்ணி அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும். தட்டுவதைப் போர்ட்டுக்கு அனுப்பி, வருவதைத் திரையில் காட்டும் டெர்மினல் மென்பொருள்களில் என்டர் விசை வழக்கமாக 13-ஐ மட்டும் அனுப்பும் என்பதையும் கவனத்தில் வையுங்கள். விதிவிலக்குகளும் உண்டு: கோராட் கேஏ3005பி போன்ற சில விலை குறைந்த பவர் சப்ளைகளின் பழைய பதிப்புகளுக்கு டெர்மினேட்டரே கிடையாது. அனுப்புவது நின்றதும் கட்டளை முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். அவற்றில் இரண்டு கட்டளைகளுக்கு நடுவே 50 மில்லி விநாடியாவது இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு இரண்டுமே வீணாகும்.

சீரியலுக்கே உரிய இன்னொரு சங்கடம், ரிமோட் நிலை. ஜிபிஐபி கேபிளில் "இனிமேல் நான்தான் இயக்குகிறேன்" என்று சொல்லத் தனிக் கம்பி உண்டு. சீரியலில் இல்லை. அதனால் 34401ஏ போன்ற மீட்டர்களில் முதலில் சிஸ்ட்:ரெம் என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் அளவீடு கேட்டால் 550 என்ற பிழை எண் வரும். முன்பலகை நிலையில் இந்தக் கட்டளைக்கு அனுமதியில்லை என்று பொருள்.

பிழைகளைப் படிப்பது எப்படி? சிஸ்ட்:எர்? என்று கேட்டால், கருவி சேர்த்துவைத்த பிழைகளில் மிகப் பழையது முதலில் வரும். 0 வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். −113 என்றால் கட்டளையின் பெயரே தெரியவில்லை. எழுத்துப்பிழை, இல்லாவிட்டால் அந்த மாடலில் அது இல்லை. −222 என்றால் கொடுத்த எண் எல்லைக்கு வெளியே. −410 என்றால் பதிலை வாங்காமலே அடுத்ததை அனுப்பிவிட்டீர்கள்.

கேட்காமலே பேசும் மீட்டர்கள்

கையடக்க மல்டிமீட்டர்கள் பலவற்றுக்கு மேலே சொன்ன மொழியெல்லாம் கிடையாது. போர்ட்டைத் திறந்ததும் அவை தாமாகவே அளவீடுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். நாம் கேட்க மட்டுமே முடியும், ரேஞ்சை மாற்றச் சொல்ல முடியாது. எஃப்எஸ்9721 சிப் வைத்த மீட்டர்கள் 2400 பாட்டில், ஒரு தடவைக்கு 14 பைட் (ஒரு பைட் என்பது 8 பிட்) அனுப்பும். ஒவ்வொரு பைட்டின் மேல் பாதியில் அதன் வரிசை எண் 1 முதல் 14 வரை இருக்கும். கீழ்ப் பாதியில் இருப்பது எண் அல்ல, திரையில் எந்தெந்தக் கோடு எரிகிறது என்ற படம். அந்தக் கோடுகளைச் சேர்த்து எண்ணாக்குவது நம் புரோகிராமின் வேலை.

இவற்றின் கேபிளில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வழியே தரவு போகிறது. மீட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் மின்தொடர்பே இல்லை. பாதுகாப்புக்காகச் செய்த நல்ல ஏற்பாடு. ஆனால் கேபிள் தலையிலுள்ள சின்ன சுற்றுக்குச் சக்தி எங்கிருந்து வரும்? டிடிஆர், ஆர்டிஎஸ் பின்களிலிருந்துதான். யூனி-டி யுடி61இ மீட்டரின் சீரியல் கேபிளுக்கு டிடிஆர் ஆனிலும் ஆர்டிஎஸ் ஆஃபிலும் இருக்க வேண்டும். புரோகிராம்கள் வழக்கமாக இரண்டையும் ஆன் செய்துவிடும். கேபிளுக்குச் சக்தி கிடைக்காது. எந்த அமைப்பை மாற்றினாலும் மௌனம்தான். வேகமும் 19200, 7 தரவு பிட், ஒற்றைப் பாரிட்டி என்று வழக்கத்துக்கு மாறானது.

முதல் தடவை இணைக்கும்போது

முதலில் கம்ப்யூட்டர் பக்கத்தைத் தனியாகச் சோதியுங்கள். கருவியில் கேபிளைச் செருகாமல், கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டில் 2, 3 பின்களைச் சிறு கம்பியால் இணைத்துவிடுங்கள். டெரா டெர்ம், புட்டி, மினிகாம் போன்ற ஒரு டெர்மினலைத் திறந்து, ஹேண்ட்ஷேக்கை அணைத்து, லோக்கல் எக்கோவையும் (தட்டியதை டெர்மினல் தானே திரையில் காட்டும் வசதி) அணைத்து ஏதாவது தட்டுங்கள். தட்டியது திரையில் வந்தால் போர்ட், டிரைவர், மென்பொருள் மூன்றும் சரி. கம்பியை எடுத்தால் எழுத்து வருவது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எக்கோ இன்னும் ஆனில் இருக்கிறது. லினக்ஸில் போர்ட்டைத் திறக்கவே அனுமதி மறுத்தால், உபுண்டு, டெபியன் வகைகளில் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு மறுபடி உள்நுழைய வேண்டும்.

அடுத்து கருவியின் மெனுவுக்குப் போய், இணைப்பு வகை ஆர்எஸ்-232 என்றிருக்கிறதா பாருங்கள். பல கருவிகள் ஜிபிஐபி என்றே வரும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும். பாட், பாரிட்டி, ஹேண்ட்ஷேக் மூன்றையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஊகித்துத் தேடுவதைவிட மெனுவில் பார்ப்பது எப்போதும் வேகமானது. அதே அமைப்பை டெர்மினலிலும் வைத்து, கேபிளைச் செருகி *ஐடிஎன்? அனுப்புங்கள்.

கருவியின் திரையில் ரிமோட் என்ற குறி வந்தோ, பீப் சத்தம் கேட்டோ பதில் மட்டும் வராமல் இருந்தால், நீங்கள் சொல்வது அதற்குக் கேட்கிறது. திரும்பும் பாதையைப் பாருங்கள். எந்த அசைவும் இல்லையென்றால் அனுப்பும் பாதையிலோ டெர்மினேட்டரிலோ கோளாறு. டெர்மினலில் கையால் வேலை செய்த பிறகே புரோகிராம் எழுதத் தொடங்குங்கள். பைத்தான் மொழியில் பைசீரியல், பைவைசா என்ற இரண்டு நூலகங்களும் இதற்குப் போதும்.

புரோகிராமில் வரும் மோசமான பிழை: பதில்கள் ஒன்று தள்ளிப்போவது

பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்புக்கு டைம்அவுட் என்று பெயர். ஒரு விநாடி என்று வைத்திருப்பீர்கள். மீட்டரோ மிகத் துல்லியமான நிலையில், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் 100 சுழற்சிகளைச் சராசரி எடுக்கிறது. அதற்கே 2 விநாடி. தானியங்கிப் பூஜ்யத் திருத்தம் ஆனில் இருந்தால் 4 விநாடி. உங்கள் புரோகிராம் ஒரு விநாடியில் கைவிட்டு, வெற்றுப் பதிலோடு அடுத்த கேள்வியைக் கேட்கிறது. கொஞ்ச நேரத்தில் முதல் கேள்வியின் பதில் வந்து சேர்கிறது. அது இரண்டாவது கேள்விக்கான பதில் என்று பதிவாகிறது. அதற்குப் பிறகு எல்லாமே ஒன்று தள்ளி: வோல்ட் கேட்டால் ஆம்பியர், ஆம்பியர் கேட்டால் வோல்ட். எண்கள் வந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

டைம்அவுட்டை மிக நீண்ட அளவீட்டைவிட இரு மடங்காவது வையுங்கள். டைம்அவுட் ஆகிவிட்டால் தொடராதீர்கள். கருவியின் நிலுவைப் பதிலைக் கழித்துவிட்டு (34401ஏ-வில் கன்ட்ரோல்-சி எழுத்து, அதாவது எண் 3, இதைச் செய்யும்), கம்ப்யூட்டரின் பெறும் பஃபரைக் காலி செய்து, *ஐடிஎன்? கேட்டு சரியான பெயர் வந்த பிறகே மேலே போங்கள்.

யுஎஸ்பி வந்த பிறகு

இன்றைய கம்ப்யூட்டர்களில் ஒன்பது பின் போர்ட் அரிது. யுஎஸ்பி–சீரியல் மாற்றி போடுகிறோம். உள்ளே எஃப்டிடிஐ, புரொலிஃபிக், சிலிக்கான் லேப்ஸ், சிஹெச்340 சிப்களில் ஒன்று இருக்கும். மேலே சொன்ன நான்கு ஒப்பந்தங்களும் அப்படியே பொருந்தும். கூடுதலாக ஒன்று: எஃப்டிடிஐ சிப் சின்னப் பதில்களை உடனே அனுப்பாமல் 16 மில்லி விநாடி வரை வைத்திருக்கும். கேள்வி–பதில் சுற்றில் விநாடிக்கு 60-ஐத் தாண்டாததற்கு இதுவே காரணம். டிரைவர் அமைப்பில் லேட்டன்சி டைமரை 1 ஆக்கினால் சரியாகும். மாற்றியை வேறு துளையில் செருகினால் விண்டோஸ் அந்தப் போர்ட்டுக்குத் தரும் காம் எண் மாறக்கூடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கருவியிலேயே யுஎஸ்பி இருந்தால் அது சீரியல் என்று நினைத்துவிட வேண்டாம். சிலவற்றில் உள்ளே மாற்றி சிப் இருக்கும், காம் போர்ட் தோன்றும். வேறு சிலவற்றில் யுஎஸ்பிடிஎம்சி என்ற அளவைக் கருவிகளுக்கான தனி முறை இருக்கும். காம் போர்ட் தோன்றவே தோன்றாது, பாட் வேகம் என்ற கேள்வியும் இல்லை. அங்கே வைசா என்ற, அளவைக் கருவிகளோடு பேசுவதற்கான மென்பொருள் நூலகம் வழியாகப் பேச வேண்டும்.

எதற்குப் போதும், எதற்குப் போதாது

34401ஏ ஓர் அளவீட்டை 15 எழுத்துகளும் 2 முடிவு எழுத்துகளுமாக அனுப்புகிறது. எழுத்துக்கு 11 பிட் என்றால் மொத்தம் 187 பிட். 9600 பாட்டில் சுமார் 20 மில்லி விநாடி. விநாடிக்கு 50 அளவீடு வரை. வெப்பநிலை, பேட்டரி வடிதல், பவர் சப்ளையின் ஏற்ற இறக்கம் போன்றவற்றுக்குத் தாராளம்.

ஆசிலாஸ்கோப்புக்கு வந்தால் கதை வேறு. 2500 புள்ளி அலைவடிவம் 9600-இல் 2.6 விநாடி, 115200-இல் கால் விநாடிக்கும் குறைவு. பத்து லட்சம் புள்ளி என்றால் 115200-இலும் ஒன்றரை நிமிடத்துக்கு அருகில். அதற்கு ஈதர்நெட்டோ யுஎஸ்பியோதான். பைனரியாக எடுக்கும்போது தொடக்கத்தில் #42500 என்பதுபோல ஒரு தலைப்பு வரும்: 4 என்பது அடுத்து எத்தனை இலக்கம், 2500 என்பது எத்தனை பைட். புரோகிராம் வரிமாற்றக் குறியைத் தேடாமல் இந்த எண்ணிக்கைப்படி படிக்க வேண்டும், ஏனென்றால் 10 என்ற எண் தரவுக்குள்ளேயே வரும். 7 பிட் அமைப்பிலும் பைனரி எடுக்க முடியாது.

கிரவுண்ட் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்

ஆசிலாஸ்கோப்பின் புரோப் கிரவுண்ட் கிளிப், அதன் உலோக உடல், சீரியல் போர்ட்டின் 5-ஆம் பின், கம்ப்யூட்டரின் உடல் எல்லாம் பெரும்பாலும் ஒரே எர்த்தில் சேர்ந்திருக்கும். சிலர் ஆசிலாஸ்கோப்பின் எர்த் பின்னைத் துண்டித்து "மிதக்க" விடுகிறார்கள். அதுவே ஆபத்தான பழக்கம். சீரியல் கேபிளைச் செருகிய கணத்தில் அந்த மிதப்பும் பொய்யாகிவிடும். கிளிப்பை உயர் மின்னழுத்தப் புள்ளியில் மாட்டினால் மின்னோட்டம் முழுக்க மெல்லிய சீரியல் கம்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குள் பாயும். அத்தகைய அளவீட்டுக்கு, இரு புள்ளிகளின் வித்தியாசத்தை மட்டும் அளக்கும் டிஃபரென்ஷியல் புரோப்பும், கேபிளுக்கு மின்தொடர்பைப் பிரித்துவைக்கும் ஐசோலேட்டரும் வேண்டும்.

வேறு அறையிலிருந்து, வேறு ஊரிலிருந்து

பழைய ஆர்எஸ்-232 தரம் சொன்ன கேபிள் நீளம் 15 மீட்டர். அதைத் தாண்ட வேண்டுமானால் கருவிக்குப் பக்கத்தில் ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கம்ப்யூட்டரையோ, சீரியல்–ஈதர்நெட் பெட்டியையோ வைத்து நெட்வொர்க் வழியாகப் போவதே நடைமுறை. லினக்ஸில் சர்2நெட் என்ற மென்பொருள் சீரியல் போர்ட்டை அப்படியே நெட்வொர்க்கில் திறந்துவிடும். பாட், பாரிட்டி அமைப்புகளை அந்த முனையிலேயே வைத்துவிடுங்கள்.

இப்படித் திறந்த போர்ட்டுக்குக் கடவுச்சொல் கிடையாது. அதை இணையத்தில் நேரடியாக விட்டால், கண்டுபிடிப்பவர் யாராக இருந்தாலும் உங்கள் பவர் சப்ளையை 30 வோல்ட்டுக்கு ஏற்றலாம். விபிஎன் அல்லது எஸ்எஸ்ஹெச் சுரங்கம் வழியாக மட்டுமே எட்டும்படி வையுங்கள்.

நெட்வொர்க் நடுவில் அறுந்தால் கருவிக்கு அது தெரியாது. கடைசியாகச் சொன்னதையே செய்துகொண்டிருக்கும். பேட்டரியை சார்ஜ் செய்யும் பவர் சப்ளை, நிறுத்தச் சொல்லும் கட்டளை வராமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் சோதனையை நடத்தும் புரோகிராம் கருவிக்குப் பக்கத்திலுள்ள கம்ப்யூட்டரிலேயே ஓடட்டும், தூரத்திலிருந்து பார்ப்பதும் உத்தரவிடுவதும் மட்டும் நடக்கட்டும். அவுட்புட்டை ஆன் செய்யும் முன் மின்னோட்ட வரம்பையும் மிகை மின்னழுத்தப் பாதுகாப்பையும் கருவியின் உள்ளேயே அமைத்து, அமைந்த மதிப்பைத் திருப்பிக் கேட்டுச் சரிபாருங்கள். ரிமோட் நிலையில் முன்பலகைப் பொத்தான்கள் பூட்டிக்கொள்ளும் கருவிகளில், லோக்கல் பொத்தான் எது, அவுட்புட்டை அணைப்பது எப்படி என்பதைக் கருவிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு முதலிலேயே காட்டிவிடுங்கள்.